வாத்துகள் திரும்பி வந்த சனிக்கிழமை

தலைவர் டெஸ் கார்டிங்லி தொண்டையைச் செருமினால், துவாத்துவா ஊரில் எல்லாரும் உட்கார இடம் தேடுவார்கள். நின்றுகொண்டே கேட்டு முடிக்கக்கூடிய பேச்சு எதையும் அவர் இதுவரை பேசியதில்லை.

அவர் நாட்டுக்குத் தலைவர் இல்லை. ஊருக்கும் தலைவர் இல்லை. ஜனவரி மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை நடக்கும் கோடை விழாவுக்குத் தலைவர். அந்த நாட்டில் ஜனவரிதான் கோடை. ஆனாலும் கழுத்தில் தங்க நிறத்தில் ஒரு சங்கிலி போட்டிருப்பார். அதை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. படகுக் கடையில் அவர் நங்கூரச் சங்கிலியும் தங்க நிறப் பெயின்ட்டும் ஒரே நாளில் வாங்கினார் என்பது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். கடைக்காரர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேரிடம்தான் சொன்னார்.

விழாவில் ராட்டினம் உண்டு. காற்றடைத்த கோட்டை உண்டு. ரப்பர் பூட்ஸை யார் தூரமாக எறிவது என்று ஒரு போட்டி உண்டு. ரொட்டியில் சுருட்டிய சாசேஜ், வதக்கிய வெங்காயத்தோடு, தின்னத் தின்னக் கிடைக்கும். ஆனால் சனம் கூடுவது இதற்கெல்லாம் இல்லை. வாத்துப் பந்தயத்துக்கு.

முந்நூறு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்துகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண். ஆளுக்கு ஒரு வாத்து, அதே எண்ணோடு ஒரு சீட்டு. பாலத்தின் மேல் ஒரு டிராக்டர் நிற்கும். அதன் முன்னால் இருக்கும் பெரிய இரும்புத் தொட்டியைக் கவிழ்த்தால் வாத்துகள் எல்லாம் ஆற்றில் மொத்தமாக விழும். கடல் வற்றும் நேரம் என்பதால் ஆற்றுத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடும். வாத்துகளும் ஓடும். படகுத்துறையில் குறுக்கே கட்டிய வலையை முதலில் தொடும் வாத்து ஜெயித்தது. அதன் சொந்தக்காரருக்குப் புகைபோட்ட பன்றித் தொடை ஒன்று முழுசாகப் பரிசு.

ஹினெவாய்க்கு வயது பத்து. நாலு வயதிலிருந்து அவள் ஒரு வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் இந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பவள். இந்த வருஷம் அவளுக்கு ஒரு வேலையும் கிடைத்திருந்தது. ஓதம் பார்க்கும் வேலை. கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்ற அட்டவணையை அவள் பாடப் புத்தகத்தைவிட அதிகம் படித்திருந்தாள். பாடப் புத்தகத்தை அவள் எவ்வளவு படித்தாள் என்பதை இங்கே கேட்க வேண்டாம்.

பாலத்தின் கீழே ஒரு கழி நட்டிருந்தது. அதில் சிவப்புக் கோடு. தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியதும் ஹினெவாய் கொடியைத் தூக்க வேண்டும். தலைவர் ஹாரனை அமுக்க வேண்டும். டிராக்டர்காரர் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். ஹாரன் கேட்காமல் தொட்டியைத் தொடக் கூடாது என்பது தலைவரின் உத்தரவு. ஒரு வருஷம் யாரோ கைதட்டியதை அடையாளம் என்று நினைத்து, நாட்டுப் பண் பாடும்போதே டிராக்டர்காரர் வாத்துகளைக் கொட்டிவிட்டார். அதிலிருந்து இந்த உத்தரவு.

அன்று காலை ஆற்று அலுவலகத்திலிருந்து ஃபோனோட்டி அம்மா வந்திருந்தார். கையில் ஒரு தாள், காதில் ஒரு பேனா.

"போன வருஷம் பதினோரு வாத்து காணாமப் போச்சு" என்றார் அவர். "அதுல ஒண்ணு பன்னெண்டு மைல் தள்ளி ஒரு கரையில ஒதுங்கிருக்கு. அந்த ஊர்க்காரர் அதைத் தபால்ல அனுப்பினார். கூடவே நாலு பக்கத்துக்குக் கடிதம். பறவைங்க தின்னா என்ன ஆகும், மீன் தின்னா என்ன ஆகும்னு எல்லாம் எழுதிருந்தார். நியாயமாத்தான் எழுதிருந்தார்."

"அப்போ இந்த வருஷம்?" என்று கேட்டாள் ஹினெவாய்.

"முந்நூறு போகணும், முந்நூறு திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வருஷம் பந்தயத்துக்கு அனுமதி கிடையாது. எப்பவுமே கிடையாது."

ஹினெவாயின் தம்பி கஹு தன் வாத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். அவனுக்கு ஆறு வயது. வாத்துக்கு 'சாசேஜ்' என்று பெயர் வைத்திருந்தான்.

"சாசேஜ் எங்கேயும் போகாது" என்றான் அவன். "நான் சொல்லி வெச்சிருக்கேன்."

"மத்த இருநூத்துத் தொண்ணூத்தொன்பதுகிட்டயும் சொல்லி வை" என்றார் ஃபோனோட்டி அம்மா. பிறகு கடமை முடிந்தவர்போல் சாசேஜ் வரிசையில் போய் நின்றார். போகிற வழியில் தாமும் ஒரு வாத்து வாங்கினார். "சோதிச்சுப் பாக்கத்தான்" என்று வாத்து விற்றவரிடம் சொன்னார்.

பதினொன்றே காலுக்குத் தலைவர் மேடையேறினார்.

"பத்தே நிமிஷம்" என்று ஆரம்பித்தார்.

அவர் கையில் இருந்த தாள்களை ஹினெவாய் எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று. முன்னும் பின்னும் எழுதியிருந்தது.

பதினொன்றரைக்குத் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியது. ஹினெவாய் கொடியைத் தூக்கினாள். தலைவர் அதைப் பார்த்தார். தம் பேச்சைப் பாராட்டித்தான் கொடி ஆடுகிறது என்று நினைத்தார். சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தார். உற்சாகத்தில் ஏற்கெனவே படித்த ஒரு பக்கத்தை இன்னொரு முறை படித்தார்.

ஹினெவாய் இரண்டு கையாலும் கொடியை ஆட்டினாள். அவரும் இரண்டு கையாலும் அசைத்தார்.

பதினொன்றே முக்கால். ஹினெவாய் மேடைக்கே ஓடினாள்.

"தலைவரே, தண்ணி நிக்கப் போகுது. இப்பவே விட்டாத்தான் உண்டு."

தலைவர் மைக்கைக் கையால் பொத்தினார். "கடல் எங்கம்மா போயிடும்? இன்னும் அஞ்சே நிமிஷம். எங்க தாத்தாவோட அப்பா இந்த ஊருக்கு முதல் மாட்டைக் கொண்டுவந்த கட்டத்துல இருக்கேன்."

"மாடு இன்னும் கப்பல்லயா இருக்கு?"

"இப்பத்தான் ஏறுது."

மாடு கப்பலில் ஏறியது. புயலில் சிக்கியது. கரையில் இறங்கியது. கன்று போட்டது. அந்தக் கன்றின் குணநலன்களைத் தலைவர் சொல்லி முடிக்கும்போது மணி பன்னிரண்டு பத்து. ராட்டினக்காரர் குதிரை மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்.

தலைவர் ஹாரனை அமுக்கினார். டிராக்டர்காரர் திடுக்கிட்டு எழுந்து தொட்டியைக் கவிழ்த்தார். முந்நூறு வாத்துகள் மஞ்சள் மழையாக விழுந்தன. சனம் பாலத்துக்கும் கரைக்கும் ஓடியது.

வாத்துகள் படகுத்துறையை நோக்கிக் கொஞ்ச தூரம் போயின. பிறகு மெதுவாயின. பிறகு ஆற்றின் நடுவில் கூட்டமாக நின்றன.

"வாத்துகள் தங்கள் பலத்தைத் திரட்டிக்கொண்டிருக்கின்றன" என்று தலைவர் மைக்கில் அறிவித்தார்.

"அக்கா" என்றான் கஹு, "சாசேஜ் என்னைத் திரும்பிப் பாக்குது."

சாசேஜ் மட்டும் இல்லை. ஒவ்வொன்றாக, எல்லா வாத்துகளும் திரும்பின. கடல் வற்றி முடித்து ஏற ஆரம்பித்துவிட்டது. கடல்காற்றும் சேர்ந்துகொண்டது. முந்நூறு அலகுகளும் பாலத்தைப் பார்த்தன.

"வாத்துகள் ஒரு புதுமையான பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன" என்றார் தலைவர்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "டெஸ், அடுத்த பேச்சுல ஆறே மலையேறிடும்" என்று சாசேஜ் சுடுகிறவர் கத்தினார். பாலத்தின் மேல் இருந்தவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஹினெவாய் சிரிக்கவில்லை. அவள் பாலத்தின் மறுபக்கம் பார்த்தாள். பாலத்தைத் தாண்டினால் ஆறு இரண்டாகப் பிரியும். இரண்டு கிளையும் அலையாத்திக் காட்டுக்குள் போகும். அந்தக் காட்டில் சேற்றிலிருந்து விரல் விரலாக வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போன செருப்பே திரும்பி வந்ததில்லை. வாத்து எங்கே வரப் போகிறது?

ஃபோனோட்டி அம்மா காதிலிருந்து பேனாவை எடுப்பதை அவள் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஹினெவாய். "இன்னும் ஒண்ணும் காணாமப் போகல."

"போகப் போகுதே, கண்ணு."

"கால் மணி நேரம் இருக்கு. கடல் ஏத்தம் ஆரம்பத்துல தூங்கித் தூங்கித்தான் வரும். அப்புறந்தான் ஓடும்."

அவள் படகுத்துறைக்கு ஓடினாள். அங்கே வலைக்குப் பக்கத்தில் சின்னப் படகில் ராவிரி மாமா உட்கார்ந்திருந்தார். வராத வாத்துகளுக்காக அவர் ஒரு மணி நேரமாகத் துடுப்போடு காத்திருந்தார்.

"மாமா, வலையை அவிழுங்க. பாலத்துக்குக் கொண்டு போகணும்."

"இது வாத்து வர்ற இடம்மா. வலையை ஏன் அவிழ்க்கணும்?"

"வாத்து அந்தப் பக்கம் போகுது."

ராவிரி மாமா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"மாடு கன்னு போட்டுச்சா?" என்று கேட்டார்.

"போட்டுச்சு."

"அதான்" என்றபடி முடிச்சை அவிழ்த்தார்.

வலை கனமானது. ஹினெவாய் சாசேஜ் வரிசையைப் பார்த்தாள். அங்கே நாற்பது பேர், அவர்கள் பாட்டுக்கு, ஏற்கெனவே ஒரே கோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்படியே வாங்க" என்று கூப்பிட்டாள். "வரிசை கலையாம வாங்க. யாரும் யாரையும் முந்த வேண்டாம். திரும்பி வந்து இதே வரிசையில நிக்கலாம்."

தங்கள் இடம் போகாது என்று தெரிந்ததும் நாற்பது பேரும் வந்தார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நீளமான பாம்புபோல் பாலத்துக்கு நடந்தார்கள். சிலர் ஒரு கையில் ரொட்டி வைத்திருந்தார்கள். நடுவில் ஒருவர், தமக்கு முன்னால் இருந்தவர் இவர் இல்லையே என்று சந்தேகப்பட்டார். மற்றபடி ஒரு தகராறும் இல்லை.

வலையின் ஒரு முனையை இடக்கரை மரத்தில் கட்டினார்கள். மறு முனையை ராவிரி மாமா படகில் வைத்து வலக்கரைக்குக் கொண்டு போனார். அங்கேதான் சிக்கல். வலக்கரையில் மரம் இல்லை, கல் இல்லை, தூண் இல்லை. சேறு மட்டும்தான். யாராவது தண்ணீரில் இறங்கி முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பூட்ஸ் எறிவதில் முதலாவதாக வந்த நெட்டையன் ஒருவன் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அவனை வலையோடு சேர்த்து நகர்த்தியது. இரண்டு பேர் சேர்ந்து இறங்கினார்கள். அவர்கள் இடப்பக்கம் இழுப்பதா, வலப்பக்கம் இழுப்பதா என்று சண்டை போட்டார்கள். அதற்குள் வலை தளர்ந்து தொங்கியது. வாத்துகள் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தன.

"நகராம நிக்கிற ஆள் ஒருத்தர் வேணும்" என்றார் ராவிரி மாமா.

ஹினெவாய் மேடையைப் பார்த்தாள்.

தலைவர் கார்டிங்லி மேடைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மைக் பக்கத்தில் கிடந்தது. சங்கிலியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அதில் பெயின்ட் உதிர்ந்த ஓர் இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க ஹினெவாய்க்கு என்னவோபோல் இருந்தது. அவள் போய் எதிரில் நின்றாள்.

"என்னம்மா, நீயும் சிரிக்க வந்தியா?" என்றார் அவர்.

"இல்ல தலைவரே. ஒரு வேலைக்கு ஆள் தேடுறேன். கஷ்டமான வேலை. ஒருத்தர் நின்ன இடத்துலேயே, யார் என்ன சொன்னாலும் அசையாம, ஒரு மணி நேரம் நிக்கணும். இந்த ஊர்ல அதைச் செய்யக் கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான்."

தலைவர் யோசித்தார். இது பாராட்டா இல்லையா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால் உண்மையாக இருந்தது.

"எங்க நிக்கணும்?"

"சேத்துல."

அவர் எழுந்தார். கோட்டைக் கழற்றலாமா என்று பார்த்தார். கோட்டு இல்லாமல் ஊர் அவரைப் பார்த்ததே இல்லை. அதனால் கோட்டோடே இறங்கினார். முழங்கால் வரை சேறு பிடித்துக்கொண்டது. இடுப்பு வரை தண்ணீர் வந்தது. ராவிரி மாமா வலை முனையைக் கொடுத்தார். தலைவர் அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார். வலை விறைத்தது.

ராவிரி மாமா படகைப் பக்கத்திலேயே நிறுத்தி, பாதுகாப்புக்காக அவர் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டினார். "முடியலைன்னா சொல்லு, டெஸ்."

தலைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் வாத்து வந்தது. இரண்டாவது வந்தது. பிறகு பத்துப் பத்தாக வந்தன. ஏற்றம் இப்போது தூக்கம் கலைந்து ஓடியது. வாத்துகள் வலையில் வந்து மோதின, தலைவர் வயிற்றில் மோதின, சுழன்றன. தண்ணீர் இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறியது. வலை இழுத்தது. தலைவர் கன்னம் சிவந்தது. ஆனால் அவர் ஓர் அடிகூட நகரவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று பாலத்தின் மேலிருந்து ஒருவர் கவலையோடு கேட்டார்.

பிள்ளைகள் கரையிலிருந்து மீன் வலைக் கரண்டிகளால் வாத்துகளை அள்ளினார்கள். ராவிரி மாமா படகில் அள்ளிக் கொட்டினார். ஹினெவாய் டிராக்டர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள். ஃபோனோட்டி அம்மா தம் பங்குக்குத் தனியாக எண்ணினார்.

நூறு. இருநூறு. இருநூற்றைம்பது. கஹு தண்ணீர் ஓரத்தில் குனிந்து குனிந்து பார்த்தான். இருநூற்று எழுபத்தெட்டாவதாக சாசேஜ் வந்தது.

"தோத்துட்ட" என்று கஹு அதன் காதில் சொன்னான். "பரவால்ல. நிறைய நேரம் நீந்துன."

இருநூற்றுத் தொண்ணூற்று எட்டு. இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

அதோடு ஆறு காலியாகிவிட்டது.

ஹினெவாய் இரண்டாவது தடவை எண்ணினாள். ஃபோனோட்டி அம்மாவும் எண்ணினார். இருவருக்கும் அதே கணக்குத்தான் வந்தது. பாலத்தின் கீழே தேடினார்கள். படகைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். டிராக்டர் தொட்டியின் மூலையில் கைவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பழைய சாக்ஸ்தான் கிடைத்தது.

"வலையைத் தாண்டிப் போயிருக்கும்" என்றார் சாசேஜ் சுடுகிறவர். "டெஸ் பக்கமா நழுவியிருக்கும். வேற எங்க போகும்?"

இதற்கிடையில் நாலு பேர் சேர்ந்து தலைவரைச் சேற்றிலிருந்து இழுத்தார்கள். கால் வந்தது, இடக்கால் பூட்ஸ் வரவில்லை. அவர் சொட்டச் சொட்டக் கரையேறினார். பல் கிடுகிடுத்தது. எண்ணுகிற இடத்துக்கு நேராக வந்தார்.

"ஒரு விஷயம்" என்றார்.

"வேணாம் டெஸ்" என்றார் சாசேஜ் சுடுகிறவர்.

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இன்னிக்குப் போதும், தலைவரே. அடுத்த வருஷம் பேசிக்கலாம்" என்றார் டிராக்டர்காரர்.

"அடுத்த வருஷமே இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார் இன்னொருவர். "உக்காருங்க. யாராவது மைக்கை எடுத்து உள்ள வையுங்கப்பா."

மைக்கை ஒருவர் ஓடிப்போய் ஒளித்தார். தலைவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒவ்வொரு தடவையும் யாராவது குறுக்கே பேசினார்கள். யாரோ ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் தலையில் போட்டார்கள். வாயும் சேர்ந்து மூடிக்கொண்டது.

ஃபோனோட்டி அம்மா தாளைத் தொடையில் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அவர் முகமும் நன்றாக இல்லை. "என்னால ஒண்ணும் செய்ய முடியாது, கண்ணு" என்று ஹினெவாயிடம் சொன்னார்.

ஹினெவாய் வலையைப் பார்த்தாள். அது கடைசி வரை விறைப்பாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் அந்த முனை ஓர் அங்குலம்கூட அசையவில்லை. அவள்தான் பார்த்துக்கொண்டே இருந்தாளே. அந்தப் பக்கமாக ஒரு வாத்தும் நழுவியிருக்க முடியாது. நழுவியிருந்தால் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவள் துண்டை மெதுவாக விலக்கினாள்.

"தலைவரே, நீங்க என்னவோ சொல்ல வந்தீங்க."

"ஐயோ, கேக்காத" என்று பின்னால் யாரோ முனகினார்கள்.

"அவர் சொல்லட்டும்" என்றாள் ஹினெவாய். எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். "அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க கையெழுத்துப் போடாதீங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் ஃபோனோட்டி அம்மா. அவருக்கு மாலையில் வேறு வேலை இருந்தது.

தலைவர் கார்டிங்லி ஊரைப் பார்த்தார். ஊர் தரையில் உட்கார இடம் தேடியது.

"ஒரு வாத்து என் பையில இருக்கு" என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு.

அவர் நனைந்த கோட்டின் உள்பையில் கைவிட்டார். மஞ்சள் வாத்து ஒன்றை வெளியே எடுத்தார். அதன் வாலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"முதல்ல வந்து என் மேல மோதுனது இதுதான்" என்றார். "மத்ததோட கலந்துட்டா யார் ஜெயிச்சாங்கன்னு தெரியாமப் போயிடும். அதான் எடுத்து வெச்சேன். அப்பவே சொல்லியிருப்பேன். பேசுனா கை தளரும்னு பயமா இருந்துச்சு. கரைக்கு வந்து சொல்லலாம்னு பார்த்தா, நீங்க விடல."

பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் பழக்கத்தில் சுற்றிலும் மைக்கைத் தேடினார். அது ராட்டினக் குதிரையின் வயிற்றுக்கடியில் பத்திரமாக இருந்தது.

ஃபோனோட்டி அம்மா தாளில் 'முந்நூறு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"இப்ப அந்த வாத்தோட எண்ணைப் படிங்க" என்றார் ராவிரி மாமா. "பன்றித் தொடை வெயில்ல காயுது."

தலைவர் வாத்தைத் திருப்பினார். "நூத்து நாப்பத்தொண்ணு."

யாரும் முன்னால் வரவில்லை. எல்லாரும் தங்கள் சீட்டைப் பார்த்தார்கள். ஃபோனோட்டி அம்மாவும் பார்த்தார். பார்த்தவர் சீட்டைச் சட்டென்று மூடினார். அவர் காது சிவந்தது.

"நான் கையெழுத்து முன்னாடியே போட்டுட்டேன்" என்றார். "எல்லாரும் பார்த்தீங்க. முன்னாடியே போட்டுட்டேன்."

"பார்த்தோம், பார்த்தோம்" என்றார் சாசேஜ் சுடுகிறவர். "சோதிச்சுப் பாக்க வாங்குன வாத்துதானே. நல்லாத்தான் சோதிச்சிருக்கு."

அரசாங்க வேலையில் இருப்பவர் ஒரு முழுத் தொடையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் நன்றாக இருக்காது என்று ஃபோனோட்டி அம்மா சொன்னார். அதனால் அங்கேயே வெட்டினார்கள். நாற்பது பேரும் பழைய வரிசையில், பழைய இடத்தில், ஒருவரும் முந்தாமல் நின்று, ரொட்டியில் வைத்து வாங்கிக்கொண்டார்கள். முதல் துண்டு ஃபோனோட்டி அம்மாவின் அனுமதித் தாளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டதால் அந்தத் தாளில் இன்றும் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது.

மாலையில் ராட்டினம் மறுபடி சுற்றியது. கஹு சாசேஜோடு ஒரே குதிரையில் ஏழு சுற்றுச் சுற்றினான். ஹினெவாய் பாலத்தின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றாள். தலைவர் கார்டிங்லி ஒரு காலில் பூட்ஸும் மறுகால் வெறுங்காலுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே ஆறு நிறைந்து கிடந்தது.

"அடுத்த வருஷம் விழா அன்னிக்கு வத்தம் எப்ப முடியுது?" என்று கேட்டார்.

அட்டவணை ஹினெவாயின் சட்டைப் பையில் இருந்தது. அவள் விரலால் தேடிப் பார்த்தாள். "பத்தரைக்கு. ஒன்பதே முக்காலுக்காவது வாத்தை விட்டுடணும்."

தலைவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் உதடு அசைந்தது.

"அப்ப நான் எட்டரைக்கே பேச ஆரம்பிச்சா சரியா இருக்குமா?"

ஹினெவாய் ரொட்டியை மென்று விழுங்கினாள். அவரைப் புண்படுத்தக் கூடாது. பந்தயமும் நடக்க வேண்டும்.

"ஏழரைக்கே ஆரம்பிங்க, தலைவரே. ஆற அமரப் பேசுங்க. நாங்க ஒன்பதரைக்கு வந்துடுறோம்."

தலைவர் அதைச் சற்று நேரம் யோசித்துப் பார்த்தார். பிறகு பெரிய மனசோடு சம்மதித்தார்.